போனதற்கா, போவதற்கா

க்ரிம்ஸ்பி நூலகத்தின் பின்னறையில்
செவ்வாய்தோறும் மாலை ஆறரைக்கு ஆங்கிலம்.
சொல்லித்தரும் க்ளெண்டா
பகலில் ஒன்பதாம் எண் பேருந்து ஓட்டுகிறவள்.
அடுத்த நிறுத்தத்தை அறிவிக்கும் குரலில் அறிவிப்பாள்:
ஃபார், ஆஃப், வித்தவுட், பிஃபோர்,
இந்தப் பொடிசுகளுக்குப் பின்னால் வினை ஏறினால்
வாலில் இங் மாட்டாமல் வண்டி கிளம்பாது.
தேங்க்ஸ் ஃபார் கம் இல்லை, ஷ்வான்.
கமிங். கமிங்.

கடைசி வரிசையில் யூர்காவும் அவுரிமாஸும்.
லித்துவேனியாவிலிருந்து வந்து நான்கு குளிர்காலம்.
அவளுக்குக் காலை ஷிஃப்ட், ஹேடக் மீனில் முள் பிடுங்குவது.
அவனுக்கு இரவு, அதே மீனைப் பெட்டியில் அடுக்குவது.
குடித்தனம் நடப்பது ஃப்ரிட்ஜ் கதவில்தான்.
எல்லாம் ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்று ஒப்பந்தம்.
சொந்த மொழியில் ஒரு சொல் வந்தாலும்
ஜாம் பாட்டிலில் ஒரு பவுண்டு.

*தேங்க்ஸ் ஃபார் பையிங் பிரெட்.*
*ஸாரி ஃபார் வேக்கிங் யூ.*
*டயர்ட் ஆஃப் ஸ்மெல்லிங் ஃபிஷ்.*
(இதற்குக் கீழே அவன்: *மீ ஆல்ஸோ.*)
க்ளெண்டா பார்த்திருந்தால்
ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக் போட்டிருப்பாள்.

அந்த ஞாயிறு ஏழு மணிக்கு வந்தான்.
ஞாயிறு அவளுக்கு ஷிஃப்ட் கிடையாது.
கட்டில் காலி.
கதவில், அவள் கையெழுத்தில்:
*ஸாரி ஃபார் லீவிங்*

தமிழில் எழுத உட்கார்ந்த எனக்கு
இங்கே பேனா நிற்கிறது.
போனதற்கு மன்னித்துவிடு என்றால்
போய்விட்டாள்.
போவதற்கு என்றால்
இன்னும் படியில்தான் இருக்கிறாள், ஓடினால் பிடிக்கலாம்.
நம் உருபுகள் இப்படித்தான்,
வினையிடம் பொழுது கேட்காமல் ஒட்டிக்கொள்ளா.
அங்கே ஃபார் எதையும் கேட்பதில்லை.
லீவிங் எதையும் சொல்வதில்லை.
நேற்றும் இல்லாமல் நாளையும் இல்லாமல்
ஓடிக்கொண்டே இருக்கும் எஞ்சின்.

அவன் வீட்டுக்குள் காலத்தைத் தேடினான்.
கெட்டில்: வெதுவெதுப்பு.
பல்துலக்கி: ஈரம்.
பாஸ்போர்ட் இருக்கும் இழுப்பறையை
பாதி இழுத்துவிட்டு, மூடினான்.
நீலக் கோட்டைக் காணோம்.
போன வாரம் சொன்னாளே, முதுகைக் காட்டியபடி,
அங்கே அக்கா வீட்டில் ஓர் அறை காலி என்று.
அவன் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான்.
சரி என்றான்.
எதற்குச் சரி?

தாளை உருவினான்.
காட் மீன் வடிவக் காந்தம் நழுவியது.
அதன் வயிற்றடியில் மிச்ச வரி:
*த டிஷஸ். கோயிங் டு லாண்ட்ரி பிஃபோர் க்யூ.*

தொட்டி நிறையத் தட்டுகள்.
சிரித்தானா என்று கேட்காதீர்கள்.
சட்டைக் கையை மடித்து
எல்லாவற்றையும் கழுவினான்,
கழுவிய வாணலியை இன்னொரு தரம் கழுவினான்.
பிறகு தாளைத் திருப்பி எழுதினான்:
*தேங்க்ஸ் ஃபார் நாட் லீவிங்.*

ஈரத்துணி மூட்டையோடு வந்தவள்
(உலர்த்தும் இயந்திரம் மறுபடி பழுது)
படித்துவிட்டுத் தொட்டியைப் பார்த்தாள்.
"தட்டெல்லாம் போட்டுவிட்டுத்தானே போனேன்.
நாட் எதற்கு? தப்பு."
இலக்கணம் சரி என்றான்.
மூட்டையை இறக்காமல்
இன்னொரு முறை படித்தாள்.
அவள் அப்போது சொன்ன ஒரு வார்த்தைக்கு
பாட்டிலில் ஒரு பவுண்டு விழுந்திருக்க வேண்டும்.
இருவரும் போடவில்லை.

எனக்கு இந்த வரியில் சிரமமே இல்லை.
போகாததற்கு நன்றி.
இன்மை என்று வந்துவிட்டால்
நம் வினையும் பொழுதைக் கழற்றி வைத்துவிடுகிறது:
நேற்றுப் போகாதது, இன்று போகாதது,
இனி.